கரண்ட் போனபின் மூன்று நாள்: அடைமழைக்கு முன் வீட்டில் எடுத்துவைக்க வேண்டியவை

சென்னைக்கோ கடலோர மாவட்டம் ஒன்றுக்கோ புதிதாகக் குடிவந்து, முதல் ஐப்பசியைப் பார்க்கப்போகிறவர்களுக்கான வழிகாட்டி இது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் பிடித்து டிசம்பர் வரை இழுக்கும். 2015 டிசம்பர் வெள்ளம், 2016 வர்தா புயல், 2018 கஜா புயல், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், அதே மாதம் தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் வந்த வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல் என்று வந்தவை ஒன்றுபோல் ஒன்று இல்லை. வர்தாவில் காற்றும் சாய்ந்த மரங்களும். மிக்ஜாமில் வடியாமல் நின்ற தண்ணீர். ஆனால் எது வந்தாலும் முதலில் போவது கரண்ட். பல இடங்களில் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் மின்வாரியமே பாதுகாப்புக்காக நிறுத்திவிடும்.

கரண்ட் போனால் அதை நம்பியிருக்கிற எல்லாம் வரிசையாகப் போகும். மோட்டார் ஓடாது, தொட்டி காலியானதும் குழாயில் தண்ணீர் வராது. ஆர்.ஓ. மெஷின் நிற்கும். இண்டக்‌ஷன் அடுப்பு, ஃபிரிட்ஜ், லிஃப்ட் எதுவும் இல்லை. செல்போன் டவரில் பேட்டரியும் டீசலும் தீர்ந்ததும் சிக்னல் போகும், சிக்னலோடு ஜிபேயும் போகும். அப்போது கடை திறந்திருந்தாலும் கையில் சில்லறை இல்லாதவர் பால் வாங்க முடியாது. இந்த வரிசையிலேயே யோசித்துச் சாமான் சேர்த்தால் பட்டியல் தானாக வந்துவிடும். கடையில் அவசரகாலப் பெட்டி என்று விற்பதை வாங்கிவைத்து நிம்மதியாக இருப்பதில் அர்த்தமில்லை. அதில் பாதி பேண்டேஜும் கத்தரிக்கோலும்தான் இருக்கும்.

கீழே உள்ள அளவெல்லாம் நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மூன்று நாள் கணக்கு. நகரத்துக்கு இது குறைந்தபட்சம். டெல்டா கிராமங்களில் கஜாவுக்குப் பிறகு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. அந்தப் பக்கம் இருப்பவர்கள் இரண்டு மடங்காகப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: எங்கே வைப்பது

என்ன வாங்குவது என்பதற்கு முன் எங்கே வைப்பது என்பதை முடிவு செய்யுங்கள். தெருவில் பத்து வருடத்துக்கு மேல் இருப்பவர் ஒருவரிடம் "2015-ல் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேட்டால் போதும், சுவரில் கைவைத்தே காட்டிவிடுவார்கள். அந்த உயரத்துக்கு மேல்தான் எதையும் வைக்க வேண்டும். தரைத்தளம் என்றால் லாஃப்டுதான் இடம். ஆனால் ஏணி இல்லாமல் ஏற முடியாத லாஃப்டில் வைத்தால் இருட்டில் எடுக்க முடியாது. முன்பக்கமாக, ஒரு ஸ்டூலில் ஏறிக் கைக்கு எட்டும்படி வையுங்கள். மாடியில் குடியிருப்பவரிடம் முன்கூட்டியே பேசி ஒரு மூலையை வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது. வெள்ளம் வரும் நேரத்தில் போய்க் கேட்டாலும் யாரும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள், ஆனால் அந்த நேரத்தில் சாமான் ஏற்றக் கையும் நேரமும் இருக்காது.

உலர்ந்த சாமானுக்கு இறுக்கமான மூடி உள்ள பிளாஸ்டிக் டிரம் அல்லது கிளிப் வைத்த பெட்டி போதும். அட்டைப்பெட்டி வேண்டாம். ஈரக்காற்றிலேயே அடி விட்டுவிடும்.

தண்ணீர்

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வைத்துக்கொண்டால் நால்வருக்கு மூன்று நாளுக்கு 48 லிட்டர். 20 லிட்டர் கேன் மூன்று வாங்கினால் கொஞ்சம் மிச்சமும் இருக்கும். கேனில் மாட்டும் சார்ஜ் பம்ப்பை நம்பாதீர்கள், கையால் அழுத்தும் பம்ப் ஒன்று வைத்திருங்கள். இதோடு ஒரு லிட்டர் பாட்டில் பத்து தனியாக. வீட்டைவிட்டுக் கிளம்ப நேர்ந்தால் 20 கிலோ கேனை யாரும் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடக்க முடியாது.

கழுவ, ஊற்றத் தேவைப்படும் தண்ணீர் வேறு கணக்கு. கக்கூஸுக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் 6 லிட்டராவது போகும். எச்சரிக்கை வந்த அன்றே மொட்டைமாடித் தொட்டியை நிரப்பி, பாத்ரூமில் உள்ள வாளி, அண்டா, டிரம் எல்லாவற்றையும் பிடித்து மூடிவையுங்கள். மூடாமல் விட்டால் ஒரு வாரத்துக்குள் டெங்கு கொசு அதில்தான் பெருகும். அப்பார்ட்மென்ட் என்றால் தொட்டி பொது. கரண்ட் போன முதல் மணி நேரத்தில் எல்லா வீட்டிலும் குழாயைத் திறந்து பிடிப்பார்கள், தொட்டி அதிலேயே காலியாகிவிடும். அதனால் உங்கள் வாளியைக் கரண்ட் இருக்கும்போதே நிரப்புங்கள்.

பலர் கோட்டைவிடுவது சம்ப்பில், அதாவது தரைக்கு அடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியில். தெருத்தண்ணீர் சம்ப் மூடிக்கு மேல் ஏறிவிட்டால் உள்ளே இருப்பது சாக்கடை கலந்த தண்ணீர் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கரண்ட் வந்ததும் சந்தோஷத்தில் மோட்டாரைப் போட்டால், அதுவரை கெடாமல் இருந்த மேல்தொட்டியும் அதோடு கெட்டுப்போகும். மோட்டார் சுவிட்சிலேயே "போடக்கூடாது" என்று ஒரு தாள் ஒட்டிவிடுங்கள், வீட்டில் யாராவது ஒருவர் மறந்துவிடுவார். மழைக்கு முன் மூடியின்மேல் கெட்டியான பாலித்தீன் விரித்து, ஓரமெல்லாம் மணல்மூட்டை வைத்தால் ஓரளவு தாக்குப்பிடிக்கும். மூடியை எடுத்துவிட்டு அப்படியே விடுவது எந்த நிலையிலும் கூடாது. தண்ணீர் மூடியிருக்கும்போது குழி இருப்பது கண்ணுக்குத் தெரியாது. வெள்ளம் வடிந்தபின் சம்ப்பை முழுக்க இறைத்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டுத்தான் திரும்ப நிரப்ப வேண்டும்.

கேன் தீர்ந்தால் கொதிக்கவைப்பதே நம்பகமான வழி. துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதி வந்தபின் குறைந்தது ஒரு நிமிடம் விட்டு, மூடியே ஆறவையுங்கள். குளோரின் மாத்திரை ஒரு பட்டை வைத்திருக்கலாம். எத்தனை லிட்டருக்கு ஒரு மாத்திரை என்பது ஒவ்வொன்றுக்கும் மாறும், அட்டையைப் படித்துப் போடுங்கள். போட்டு அரைமணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டும். கலங்கல் தண்ணீரில் மாத்திரை சரியாக வேலை செய்யாது, அழுக்கோடு சேர்ந்தே குளோரின் தீர்ந்துவிடும். அதனால்தான் முதலில் வடிகட்டச் சொல்வது.

சாப்பாடு

அரிசி பருப்பு வீட்டில் எப்படியும் இருக்கும். எடுத்துவைக்க வேண்டியது அடுப்பு இல்லாமல் சாப்பிடக்கூடியது. நால்வருக்கு மூன்று நாள்: கெட்டி அவல் 2 கிலோ, பொட்டுக்கடலை 1 கிலோ, கடலைமிட்டாய் 1 கிலோ, பிஸ்கட் 1 கிலோ, பேரீச்சை அரை கிலோ. இவ்வளவும் சேர்ந்தால் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,800 கலோரி வரும். வயிறு நிறைந்த விருந்து இல்லை, ஆனால் தலைசுற்றாது. கெட்டி அவல் பச்சைத்தண்ணீரிலேயே கால்மணி நேரத்தில் ஊறிவிடும். ஊறவைக்கவும் சுத்தமான தண்ணீர்தான் வேண்டும், அதுவும் அந்த 4 லிட்டர் கணக்கில் அடக்கம். உப்பு, இட்லிப்பொடி, ஒரு பாட்டில் நல்லெண்ணெய், ஊறுகாய், வெல்லம் இருந்தால் மூன்றாம் நாளும் அவல் இறங்கும். புளிக்காய்ச்சல் முன்பே செய்துவைத்தால் இன்னும் விசேஷம்.

பால் பவுடர் அரை கிலோ. ஆரஞ்சு எச்சரிக்கை என்று செய்தியில் வந்த ஒரு மணி நேரத்தில் கடையில் பாலும் பிரட்டும்தான் முதலில் காலியாகும். அந்தக் கூட்டத்தில் போய் நிற்க வேண்டியதில்லை. கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுப்பவர்கள் அதையே தொடர்வது நல்லது, வெள்ள நேரத்தில் புட்டிப்பால் என்றால் தண்ணீர், புட்டி இரண்டும் சுத்தமாக இருக்க வேண்டும்.

நூடுல்ஸ் பாக்கெட் வாங்கி அடுக்குவதைப் பற்றி ஒரு வார்த்தை: அதற்கும் அடுப்பு வேண்டும், தண்ணீர் வேண்டும், உப்பு தாகத்தைக் கிளப்பும். கேஸ் உறுதியாக இருக்கும் வீட்டுக்கு மட்டும்.

கேஸ் சிலிண்டர்

காலி சிலிண்டர்தான் மிதக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். 14.2 கிலோ கேஸ் நிரம்பிய சிலிண்டரின் மொத்த எடை ஏறக்குறைய 30 கிலோ. முழுக்க மூழ்கினால் அது தள்ளும் தண்ணீரோ 35 கிலோ. அதாவது நிரம்பிய சிலிண்டரும் மிதக்கும். மிதந்தால் டியூப் இழுபட்டு, ரெகுலேட்டர் கழன்று கேஸ் கசியலாம். அதனால் தண்ணீர் வீட்டுக்குள் வரும்போல் இருந்தால், ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, வால்வில் பாதுகாப்பு மூடியைப் போட்டு, சிலிண்டரை நிமிர்ந்தபடியே ஜன்னல் கம்பியோடு கயிற்றால் கட்டுங்கள். அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் மூடியைப் புது சிலிண்டர் வந்த அன்றே பலர் தூக்கிப்போடுகிறார்கள். ஒன்றைக் கயிற்றோடு தொங்கவிட்டே வைத்திருங்கள். கசிவு வாசனை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து 1906-ஐக் கூப்பிடலாம்.

வெளிச்சம், இன்வெர்ட்டர், போன்

ஆளுக்கு ஒரு சின்ன எல்இடி டார்ச், ஹாலுக்கு ஒரு எமர்ஜென்சி லைட். டார்ச்சில் பேட்டரியைப் போட்டே மாதக்கணக்கில் வைத்தால் பேட்டரி ஒழுகி உள்ளே பச்சை பூத்துவிடும். தனியே எடுத்து, டார்ச்சோடு ரப்பர்பேண்ட் போட்டு வையுங்கள். எமர்ஜென்சி லைட்டை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்றாவிட்டால் தேவைப்படும் நாளில் பத்து நிமிடத்தில் மங்கிவிடும். மெழுகுவர்த்தி கடைசிபட்சம். கேஸ் கசிய வாய்ப்புள்ள வீட்டில் அதுவும் வேண்டாம்.

இன்வெர்ட்டர் இருக்கிறது என்று தைரியமாக இருப்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 150 ஏஎச் பேட்டரியில் இரண்டு ஃபேன், நாலு எல்இடி பல்பு போட்டால் ஏறக்குறைய ஆறு மணி நேரம். முதல் இரவே முடிந்துவிடும். அதே பேட்டரியில் ஃபேனை நிறுத்திவிட்டுப் போன் மட்டும் சார்ஜ் போட்டால் நாற்பது தடவை போடலாம். கரண்ட் போன உடனேயே இதை முடிவு செய்துவிடுங்கள், பேட்டரி கத்தத் தொடங்கியபிறகு இல்லை. பேட்டரியைத் தரையில் வைத்திருந்தால் மழைக்காலத்துக்கு முன்பே எலக்ட்ரீஷியனை வைத்து உயரமான ஸ்டாண்டுக்கு மாற்றுங்கள். 50 கிலோவுக்கு மேல் இருக்கும், அவசரத்தில் நகராது.

10,000 எம்ஏஎச் பவர்பேங்க், 5,000 எம்ஏஎச் போனை இரண்டு தடவை நிரப்பும் என்று தோன்றும். வோல்டேஜை ஏற்றிக் கொடுப்பதில் கொஞ்சம் வீணாவதால் ஒன்றரைத் தடவைதான் கிடைக்கும். வீட்டுக்கு இரண்டு வேண்டும். சிக்னல் இல்லாத இடத்தில் போன் டவரைத் தேடித்தேடியே சார்ஜைத் தின்னும். ஃபிளைட் மோடில் போட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மட்டும் எடுத்துப் பாருங்கள். பேச்சு போகாத நேரத்திலும் எஸ்எம்எஸ் போய்ச்சேர வாய்ப்பு அதிகம். பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ ஒன்று இருந்தால் ஏரி திறந்த செய்தி டவர் இல்லாமலும் காதுக்கு வரும்.

முக்கிய எண்களைத் தாளில் எழுதி வையுங்கள், போன் செத்தால் யாருடைய நம்பரும் நினைவில் இருக்காது. எந்த அவசரத்துக்கும் 112, ஆம்புலன்ஸுக்கு 108, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077, சென்னை மாநகராட்சி 1913, கரண்ட் புகாருக்கு மின்னகம் 94987 94987. இவற்றோடு வெளியூரில் இருக்கும் ஒரு சொந்தக்காரர் எண்ணும். ஊருக்குள் ஒருவரை ஒருவர் பிடிக்க முடியாதபோது எல்லோரும் அவருக்குத் தகவல் சொன்னால் போதும்.

பணம்: 10, 20, 50, 100 ரூபாய் நோட்டுகளாக. 500-க்குச் சில்லறை அன்றைக்குக் கிடைக்காது.

மருந்து

பிரஷர், சர்க்கரை, தைராய்டு, இதய மாத்திரைகள் இரண்டு வாரத்துக்கு. கூடவே பிரிஸ்கிரிப்ஷன் நகல். இன்சுலின் பயன்படுத்துபவர்கள், ஃபிரிட்ஜ் நின்றதும் பதற வேண்டாம். உபயோகத்தில் இருக்கும் பாட்டிலை 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் பொதுவாக நான்கு வாரம் வரை வைக்கலாம்; உங்கள் மருந்துக்கு எவ்வளவு என்பது பெட்டியில் உள்ள தாளில் இருக்கும். மண்பானையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, நனையாதபடி டப்பாவுக்குள் போட்டு வைப்பது பழைய வழி, இன்றும் வேலை செய்கிறது. ஐஸ்மேல் நேராக வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது.

டயாலிசிஸ் செய்பவர், ஆக்சிஜன் மெஷினில் இருப்பவர், நிறைமாதக் கர்ப்பிணி உள்ள வீட்டில் சாமான் சேர்ப்பது தீர்வே இல்லை. எச்சரிக்கை வந்த அன்றே ஆஸ்பத்திரிக்கு அருகில் மேடான இடத்துக்குப் போய்விடுங்கள்.

மற்றபடி பாராசிட்டமால், பெட்டாடின், பஞ்சு, பேண்டேஜ், கொசுவர்த்தி, நாப்கின், டயப்பர். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓஆர்எஸ் உப்பு-சர்க்கரைப் பொடி பத்துப் பாக்கெட். இதில் நடக்கும் தப்பு ஒன்றுதான்: ஒரு லிட்டருக்கான பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கலக்கிக் கொடுப்பது. உப்பு அளவுக்கு மீறினால் குழந்தைக்கு ஆபத்து. பாக்கெட்டின்மேல் எத்தனை மில்லி என்று பார்த்து அத்தனையும் ஊற்றுங்கள். பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

கிளம்பும் பை

வீட்டைவிட்டுப் போக நேர்ந்தால் தோளில் மாட்ட ஆளுக்கு ஒரு பை. 6, 7 கிலோவுக்கு மேல் வேண்டாம், இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும். உள்ளே இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு நாள் தீனி, மருந்து, ஒரு செட் துணி, துண்டு, டார்ச், பவர்பேங்க், விசில், ரெயின்கோட். காற்றில் குடை உதவாது. ரப்பர் செருப்பு சேற்றில் கழன்றுவிடும், பின்வார் உள்ள சாண்டல் போடுங்கள். தண்ணீருக்குள் தரையைத் தட்டிப் பார்க்க ஒரு கம்பு.

ஆதார், ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம், சான்றிதழ், இன்சூரன்ஸ் தாள்களை ஜிப் கவரில் போட்டு, அந்தக் கவரை இன்னொரு கவரில் தலைகீழாகச் செருகுங்கள். ஒன்றின் வாய் திறந்தாலும் மற்றது காக்கும். சான்றிதழை லேமினேட் செய்தால் போதும் என்று விட வேண்டாம்; ஓரம் விட்டதும் உள்ளே போன ஈரம் வெளியே வராது. எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வெளியூர் சொந்தக்காரருக்கு அனுப்பிவையுங்கள். வீட்டுச் சாமான்களையும் வண்டியையும் சேர்த்தே எடுத்தால் இன்சூரன்ஸ் கேட்கும்போது பயன்படும்.

எச்சரிக்கை வந்தபின்

வானிலை மையம் சொல்லும் நிறத்தில் மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் செய்து முடித்திருக்க வேண்டும். 24 மணி நேரத்தில் 12 முதல் 20 சென்டிமீட்டர் மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. இதைவிட ஆற்றங்கரைக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஏரியின் நிலவரம். செம்பரம்பாக்கத்தில் அதிகமாகத் திறந்தால் மணப்பாக்கம், ஜாஃபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என அடையாற்றுக் கரை முழுக்க ஏறும். மழை விட்டபிறகும் ஏறும். வானம் வெளுத்துவிட்டதே என்று மூட்டையைப் பிரித்துவிடாதீர்கள்.

ஆரஞ்சு அன்று செய்ய வேண்டியவை வரிசையாக:

1. தொட்டி, வாளி, கேன் நிரப்புதல். போன், பவர்பேங்க், லைட் எல்லாம் சார்ஜ்.
2. மொட்டைமாடி வடிகால் குழாயில் அடைத்த சருகை எடுத்தல், பூந்தொட்டிகளைக் கீழே இறக்குதல்.
3. வண்டியை மரமும் பள்ளமும் இல்லாத மேட்டில் நிறுத்துதல்.
4. தரைத்தளம் என்றால் கீழ் அலமாரியில் உள்ளதை மேலே ஏற்றுதல்.
5. பிளாஸ்டிக் பையில் முக்கால்வாசி மணல் நிரப்பிக் கட்டி, கக்கூஸ் கோப்பைக்குள்ளும் பாத்ரூம் தரை ஜாலிமேலும் அழுத்தி வைத்தல்.

ஐந்தாவது பலருக்குப் புதிதாக இருக்கும். வாசலில் மணல்மூட்டை அடுக்கிவிட்டு நிம்மதியாக இருக்கும்போது, நிரம்பிய சாக்கடை பாத்ரூம் வழியாக எதிர்த்து வீட்டுக்குள் வரும். பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான் முதலில் வருகிறது.

தண்ணீர் உள்ளே வரும் என்று தெரிந்ததும், கால் நனையும் முன்பே மெயினை அணையுங்கள். இன்வெர்ட்டரையும் தனியாக அணைக்க வேண்டும். மெயின் போனதும் இன்வெர்ட்டர் தானாகவே அதே ஒயரில் கரண்ட் விடும். மெயினை அணைத்துவிட்டோம் என்று நம்பித் தண்ணீரில் இறங்குபவர்களுக்கு அடிப்பது அதுதான். ஏற்கெனவே தண்ணீரில் நின்றுகொண்டிருந்தால் சுவிட்ச்போர்டைத் தொடாமல் வெளியேறி மின்னகத்துக்குச் சொல்லுங்கள். வடிந்தபிறகு மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம். எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் ஸ்டார்ட் செய்யும்போது உள்பாகம் வளைந்து உடையலாம், சாதாரண பாலிசி அதற்குப் பெரும்பாலும் பணம் தராது. ஷூவில் கால் விடும் முன் கவிழ்த்துத் தட்டுங்கள்; பாம்பும் பூரானும் உலர்ந்த இடம் தேடித்தான் வந்திருக்கும்.

பராமரிப்பு

புரட்டாசியில் வாங்கி வையுங்கள். கார்த்திகை பிறந்ததும் ஒருமுறை இறக்கி, அவலில் வண்டு இருக்கிறதா, மாத்திரைத் தேதி முடிகிறதா, லைட் எரிகிறதா என்று பாருங்கள். கடலைமிட்டாயும் பேரீச்சையும் குழந்தைகள் கண்ணில் பட்டிருந்தால் பாதிதான் இருக்கும், அந்த இடத்தை நிரப்புங்கள். பொங்கல் முடிந்ததும் சாப்பிடும் சாமான் எல்லாவற்றையும் எடுத்துச் சாப்பிட்டுத் தீர்த்துவிடலாம். அவலை அடுத்த ஐப்பசி வரை வைத்தால் சிக்கு வாடை அடிக்கும். பேட்டரியைச் சுவர்க்கடிகாரத்தில் போட்டுக்கொள்ளலாம். கை பம்ப்பைக் கழுவிக் காயவைத்து, டார்ச், கயிறு, சிலிண்டர் மூடி, எண்கள் எழுதிய தாளோடு அதே பெட்டியில் போட்டு லாஃப்டில் ஏற்றிவிடுங்கள்.